செருப்பைக் கழற்றும் இடம்

வண்டியில் ஊர் ஊராகப் போய் வயதானவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் வேலையில், நோய் என்ன என்று கண்டுபிடிக்க டாக்டர் இருக்கிறார். நோயாளி எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் என்னைப் போன்ற நர்ஸுகளை வைத்திருக்கிறார்கள். நான் விருதுநகர்க்காரி. ஒரு தொண்டு நிறுவனத்தின் முதியோர் மருத்துவ வண்டியில் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றி வருகிறேன். பிரஷர் பார்ப்பது, சுகர் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மாத்திரை கொடுப்பது, கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டீர்களா என்று சண்டை போடுவது எல்லாம் என் பொறுப்பு. டிரைவர் பால்பாண்டி விஸ்வநத்தத்துக்காரர். டாக்டரம்மா சில நாள் வண்டியில் வருவார், பல நாள் போனில் வருவார்.

இதே வேலை பார்க்கும் சக பாவிகள் யாராவது இதைப் படித்தால், கீழே இருப்பதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும். எனக்கு நடக்கும்போது ஒன்றுமே விளங்கவில்லை. உங்களுக்கு அப்போதே விளங்கியிருந்தால் நீங்கள் கெட்டிக்காரர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டமில்லாத முகாம்

விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு முதன்முதலாக ஒரு புதன்கிழமை போனோம். தண்ணீர்த் தொட்டி நிழலில் வண்டியை நிறுத்தி, பேனர் கட்டி, பெரியவர்கள் கால்கடுக்க நிற்கக் கூடாது என்று பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். பால்பாண்டி மைக்கில் மூன்று தெருவுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். ஒரு ஆள் வரவில்லை. ஒரு நாய் வந்து நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது. இந்த ஊரில் அறுபது தாண்டியவர்கள் அத்தனை பேர் இருப்பதாகக் கணக்கெடுத்துக் கொடுத்தார்களே, எல்லாரும் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று எனக்கு ஒரே குழப்பம். கதவுகள் பூட்டியிருந்தன. ஊரே கல்யாணத்துக்குப் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் ஒரு ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கட்டுடன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பைக்கிலிருந்து விழுந்துவிட்டாராம். ஊரில் பெரியவர்கள் ஒருத்தரும் இல்லையா என்று கேட்டேன். நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டது போல என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெருசுக எல்லாம் விடியமுன்ன கம்பெனி வேன்ல ஏறி வேலைக்குப் போயிட்டாக சிஸ்டர். வீட்ல சும்மா கெடக்குற வயசாளி நான் ஒருத்தன்தான், எனக்கு வேணா பிரஷர் பாருங்க."

வயது எத்தனை?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். அன்றைக்குத்தான் கம்பெனிகளுக்கு லீவு. நாற்காலி போதவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் முத்துராக்கு. ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிய கொண்டை, யாரையும் பேசவிடாத வாய். பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னும் வேலை. பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் மாரிச்சாமி, எதற்கும் சம்பந்தமில்லாதவர் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டி, உங்களுக்கு வயது என்ன என்று கேட்டேன். பாட்டி என்று கூப்பிடக் கூடாது என்றார். கம்பெனியில் சின்னப்பிள்ளைகள் முதற்கொண்டு அக்கா என்றுதான் கூப்பிடுமாம். என் அம்மாவைவிட மூத்தவரை அக்கா என்று கூப்பிட என் நாக்கு கொஞ்சம் தயங்கியது. சரி அக்கா, வயது என்ன என்று மறுபடி கேட்டேன். எங்கே உள்ள வயதைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அறுபது தாண்டினால் கம்பெனியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அறுபது தாண்டாவிட்டால் எங்கள் வண்டியில் மாத்திரை கிடைக்காதோ என்றும் பயம். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். முத்துராக்குவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாகிவிட்டது.

"கம்பெனில அம்பத்தாறு, இங்கன அறுபத்தி மூணு. ரெண்டுக்கும் நடுவுல உங்களுக்கு எது தோதோ அதைப் போட்டுக்கோங்க தாயி."

காலையிலேயே முடிந்த நாள்

மாரிச்சாமி அப்போது வேலையை விட்டு வீட்டில் இருந்தார். முத்துராக்குவைப் போலவே அவருக்கும் சுகர். காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரைகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, கவரின் மேல் சூரியன், பாதிச் சூரியன், நிலா எல்லாம் வரைந்து கொடுத்தேன். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்ட நாள் அது. இரண்டு வாரம் கழித்து அவர் டீக்கடை பெஞ்சில் மயங்கிச் சரிந்ததாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் சுகர் அதலபாதாளத்தில் இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தோம்.

மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால் தலையாட்டினார். எல்லாம் சரியாகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் அதற்கும் தலையாட்டினார். மதிய மாத்திரை எங்கே, இரவு மாத்திரை எங்கே என்று கவர்களைக் கொட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மனிதர் மூன்றையும் விடியற்காலையில் ஒன்றாக விழுங்கியிருக்கிறார். அவர் வேலை பார்த்தது ரசாயனத் தூள் கலக்கும் அறையில். அந்த வேலையை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், முடித்தவர் வீட்டுக்குப் போகலாம். சூடு ஏறிய பிறகு தூளில் கை வைத்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அப்படியே பழகிய உடம்பிடம் நான் நிலாப் படம் வரைந்து கொடுத்திருக்கிறேன். நான் சத்தம் போட்டதும் அவருக்கும் கோபம் வந்துவிட்டது. அவர் அன்றைக்குத்தான் என்னிடம் வாயைத் திறந்தார்.

"அன்னன்னிக்கு உள்ளதை வெயிலுக்கு முன்ன முடிச்சே பழகுன ஆளு நான். ஒரு மாத்திரைக்காக ராத்திரி வரைக்கும் வேலையை மிச்சம் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீகளா?"

சாய்வுப் பாதை

நடுவில் எங்களுக்கு விருதுநகரில் ஒரு கூட்டம். முதியோர் சேவையை மேம்படுத்துவது எப்படி என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். கைப்பிடி, வழுக்காத தரை, சாய்வுப் பாதை. எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. திருத்தங்கலில் இருந்த எங்கள் சின்ன ஆஸ்பத்திரி வாசலில் மூன்று படிகள் உண்டு. ஒரு மாதத்தில் படிக்குப் பக்கத்தில் அழகாக ஒரு சாய்வுப் பாதை வந்துவிட்டது, பக்கவாட்டில் கம்பியும் போட்டு.

அதற்குப் பக்கத்தில் ஒரு அச்சகம். காலண்டர் சீசன். மறுநாளிலிருந்து சாய்வுப் பாதையில் மொபெட்டுகள் ஏறி நின்றன, ஒவ்வொன்றிலும் காலண்டர் கட்டுகள் லோடு லோடாக. கம்பியில் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள். பெரியவர்களோ எப்போதும் போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அம்மா தாயே என்று படியிலேயே ஏறிக்கொண்டிருந்தார்கள். வண்டிகளை எடுக்கச் சொல்லி அச்சகத்தில் போய் நான் கத்திவிட்டு வந்தேன். வண்டிகள் போன பிறகும் படியில்தான் ஏறினார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வந்த முத்துராக்குவைப் பிடித்து நிறுத்தி, இது உங்களுக்காகத்தானே கட்டியது, இதில் ஏறினால் என்ன என்று கேட்டேன். என்னைப் பெரிய மனதோடு சமாதானப்படுத்தினார்.

"சக்கரம் வச்சதுக்குல்ல தாயி அது? எனக்கு எங்கன சக்கரம் இருக்கு?"

புதுச் செருப்பு

அந்தப் பரிசோதனையில்தான் விஷயம் வெளியே வந்தது. முத்துராக்குவின் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பேனா முனையால் உள்ளங்காலில் கீறிப் பார்த்தேன், அவர் பாட்டுக்குப் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார். சுகர் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது ஆறாமல் எலும்புக்குப் போனால் விரலை எடுக்க வேண்டி வரும், அப்புறம் விரலோடு நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். முத்துராக்கு அதைக் கேட்டு அழவில்லை. விரல் இல்லாமல் கம்பெனி வேனில் ஏற முடியுமா என்று மட்டும் கேட்டார்.

சுகர் காலுக்கென்று மெத்தென்ற அடிப்பாகம் வைத்த செருப்பு இருக்கிறது. அளவெடுத்து மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். வெறுங்காலோடு ஒரு எட்டு எடுத்து வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. மாத்திரை, கட்டு, செருப்பு என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தச் செருப்போடுதான் வருவார். ஆனால் புண் மட்டும் ஆறவில்லை. மாதம் மூன்றாயிற்று. சுகர் குறைந்திருக்கிறது, புண் குறையவில்லை. டாக்டரம்மா மருந்தை மாற்றினார், நான் கட்டை மாற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுப் பிரிக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தேயவே இல்லை. நேற்று டப்பாவிலிருந்து எடுத்தது போல இருந்தது. போடுகிறீர்களா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். முத்துராக்குவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் ஏமாற்றவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அதனால் என் குழப்பம் இன்னும் கூடியது.

"வீட்ல இருந்து வேனுக்கு, வேன்ல இருந்து கம்பெனி கேட்டுக்கு, எல்லாம் செருப்போடதான் போறேன். கேட்டுக்கு வெளிய கழத்திப் பத்திரமா வச்சிட்டுத்தான் உள்ள போவேன், சாயங்காலம் வச்ச இடத்துலயே இருக்கும்."

கேட்டில் ஒரு கேள்வி

பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். இது சிவகாசிப் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும். செருப்பில் ஒட்டிய கல்லும் மண்ணும் சிந்திய தூளில் உரசினால் போதும். எனக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று மாதமாக அது என் மண்டையில் ஏறவில்லை. ஷெட்டுக்கு ஷெட் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், நடுவில் எல்லாம் சரளைக்கல் பாதை. மத்தியான வெயிலில் அந்தச் சரளையில், சுடுவதே தெரியாத காலோடு அந்த அம்மா நாளெல்லாம் நடந்திருக்கிறார்.

நேரே கம்பெனிக்குப் போய் பேசிவிடுகிறேன் என்று கிளம்பினேன். பால்பாண்டி வண்டியைக் கால் மைல் முன்னாலேயே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டார். வண்டி முழுக்க முதியோர் மருத்துவ வண்டி என்று எழுதியிருக்கிறது, இதைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி முத்துராக்குவைக் கேட்டால் அவர் வேலை அன்றோடு சரி என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. நடந்து போனேன். முத்துராக்குவின் ஐம்பத்தாறு வயதைக் காப்பாற்ற, நான் அவருடைய தூரத்து உறவு என்று வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே ஆள் அனுப்பினேன்.

வந்தவர் போர்மேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெறுங்கால், புழுதி படிந்த சட்டை. நான் சுற்றி வளைத்து ஆரம்பித்ததும் கையை அமர்த்தினார். முத்துராக்கு தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், அவர் வயது தனக்குத் தெரியாதா என்றார். கம்பெனிக்கே தெரியாது என்று அந்த அம்மா நம்பிக்கொண்டிருந்த வயது. செருப்பு வேண்டாம், தடித்த துணியில் உறை தைத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். துணியில் தூள் ஏறும், அதோடு வீட்டுக்குப் போய் அடுப்புக்கு முன்னால் உட்காருவார்கள் என்றார். என் விதி காலைக் காப்பாற்ற, அவர் விதி உயிரைக் காப்பாற்ற. இரண்டும் சரி. இரண்டும் சரியாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவரும் என்னைப் போலவே தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"செருப்போட உள்ள விட்டா அம்புட்டுப் பேரு உசுரும் போகும், செருப்பில்லாம விட்டா அக்கா காலு போகும். இதுல எதைச் சரின்னு நான் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

பெட்டி ஒட்டும் வீடு

போர்மேன் அதோடு சும்மா விடவில்லை. அவருடைய மச்சினன் திருத்தங்கலில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் ஆர்டர் எடுப்பவர். வெறும் அட்டையும் பசையும்தான், தூள் கிடையாது, வீட்டிலேயே உட்கார்ந்து ஒட்டலாம். அட்டைக்கட்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடும். முத்துராக்குவுக்குத்தான் மனசே இல்லை. வேனில் பத்துப் பெண்களோடு பேசிச் சிரித்துப் போவதை விட்டுவிட்டு, வாய் திறக்காத மனிதரோடு வீட்டில் உட்கார்வதா என்று கண் கலங்கினார். விரல் போகும் என்றபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் விரல் முக்கியம் என்று கல் மாதிரி நின்றேன்.

பத்து நாள் கழித்து, பிரச்சினை தீர்ந்தது என்ற மிதப்போடு அவர் வீட்டுக்கே போனேன். அதுவரை அவரைத் தண்ணீர்த் தொட்டி நிழலிலும் ஆஸ்பத்திரியிலும்தான் பார்த்திருக்கிறேன். வீடு முழுக்க அட்டைப் பெட்டி. முத்துராக்கு சுறுசுறுப்பாக அங்கும் இங்கும் நடந்து கொண்டிருந்தார். ஒட்டிய பெட்டிகளைக் கொல்லைப்புறம் வெயிலில் காயவைக்கிறார், வெந்துபோன சிமென்டுத் தரையில் நடந்து அடுக்குகிறார், திரும்பி உள்ளே வருகிறார். வெறுங்காலோடு. செருப்பு, தேயாமல் கொள்ளாமல், தலைவாசலுக்கு வெளியே ஜோடியாக இருந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். புண் அப்படியே இருந்தது.

கம்பெனியில்தான் போடக் கூடாது, இங்கே என்ன வந்தது என்று நான் கேட்ட கேள்வியில் அழுகையும் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். முத்துராக்கு சுவரைப் பார்த்தார். இருந்த பெரிய அறை அது ஒன்றுதான், பக்கத்தில் அவர்கள் மகன் தூங்க ஒரு சின்ன அறை. நடுச்சுவரில் மாலை போட்ட முருகன் படம், கீழே விளக்கு. கட்டிலில் உட்கார்ந்திருந்த மாரிச்சாமி என்னிடம் இரண்டாவது தடவையாக வாயைத் திறந்தார்.

"சாமி இருக்குற வீட்டுக்குள்ள எவளாச்சும் செருப்போட நடப்பாளா? நீங்க உங்க வீட்ல நடப்பீகளா சிஸ்டர்?"

இடம் மாறியவர்

நடக்க மாட்டேன். அதுதான் உண்மை. போர்மேனுக்குச் சொல்ல முடியாத பதிலை முருகனுக்கு எப்படிச் சொல்வது? கட்டுப் போட்டுவிட்டு, இப்படியே போனால் விரலை எடுப்பார்கள், அப்புறம் பாதம் என்று மாரிச்சாமியைப் பார்த்துச் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்தார். வண்டியில் ஏறிய பிறகு பால்பாண்டியிடம் கோபத்தைக் காட்டினேன். அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அந்தச் செருப்பு நினைப்புதான். அடுத்த ஞாயிறு தண்ணீர்த் தொட்டிக்கு முத்துராக்கு வரவில்லை. மாரிச்சாமியும் வரவில்லை. பயந்துகொண்டேதான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் காணோம். எனக்குப் பகீரென்றது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோய்விட்டார்களோ என்று. உள்ளே எட்டிப் பார்த்தால், முத்துராக்கு பெட்டிகளுக்கு நடுவே செருப்புக் காலோடு நின்றுகொண்டிருந்தார், திருடும்போது பிடிபட்டவர் போல. செருப்பில் பசை ஒட்டியிருந்தது. முன்பக்கம் லேசாகத் தேய்ந்துகூட இருந்தது. எனக்கு அந்தத் தேய்ந்த செருப்பைப் பார்த்து வந்த சந்தோஷம், மெடல் வாங்கியிருந்தால்கூட வந்திருக்காது.

நடுச்சுவரில் ஆணி மட்டும் இருந்தது. முந்தின தடவை நான் வந்துவிட்டுக் கிளம்பிய மறுநாள் விடியற்காலையிலேயே, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், மாரிச்சாமி குளித்துவிட்டு வந்து படத்தையும் விளக்கையும் பக்கத்தில் மகன் தூங்கும் சின்ன அறைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டதாம். அந்த அறை வாசலில் மட்டும் முத்துராக்கு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் விளக்கேற்றிவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. புண்ணைப் பார்த்தேன். ஓரத்தில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல் வந்திருந்தது. அதற்குப் பிறகு ஏழெட்டு வாரத்தில் முழுதாக மூடிவிட்டது, விரல் விரலாகவே இருக்கிறது.

சாமியை இடம் மாற்றியதில் உங்களுக்கு வருத்தமில்லையா என்று மாரிச்சாமியைக் கேட்டேன். கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவருக்கு என்ன சிஸ்டர், மயிலு நிக்கிது. இவ நடந்துல்ல போகணும்."

ஒரு கால்விரல் இருந்த இடத்திலேயே இருப்பதற்காகக் கம்பெனியிலிருந்து ஒரு வேலையும் சுவரிலிருந்து ஒரு சாமியும் இடம் மாற வேண்டியிருந்தது, இதை மாத அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.